ஏழாம் நம்பர் மைக்

மகனே,

வெள்ளிக்கிழமை மதியம் நம் சவுண்ட் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இந்நேரம் நாவலூரில் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை கொடுக்கப்போகிற ராஜினாமா கடிதத்தைப் பத்தாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருப்பாய். நேற்று சாப்பிடும்போது அதில் ஒரு வரியைப் படித்துக்காட்டி, “இங்கிலீஷ் சரியா இருக்காப்பா?” என்று கேட்டாய். நானும் சரி என்றேன். எனக்கு இங்கிலீஷ் வராது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். அப்பா வாயிலிருந்து ஒரு ‘சரி’ வேண்டும், அவ்வளவுதான் உனக்கு. முப்பது வயது நெருங்கியும் அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. என் வாயிலிருந்து வருகிற ‘சரி’யை நம்புவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இதைப் படித்து முடிக்கும்போது தெரிந்துகொள்வாய்.

நேரில் சொல்லியிருக்கலாம். இந்த வாரத்தில் இரண்டு முறை வாயைத் திறந்தும் பார்த்தேன். ஆனால் யாராவது கஷ்டமான விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நீ உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிடுகிறாய். பாதி ஜெபத்தில் நிறுத்து என்று சொல்லுகிற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால்தான் காகிதம். விஷயம் இதுதான். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் சபை மேடையில் நீ பாடுகிறாய். அந்த ஆறு வருஷத்தில் முதல் நாள் பாதிப் பாட்டும் பிறகு ஒரே ஒரு அரை நிமிஷமும் தவிர, உன் குரல் அந்த ஹாலில் யாருக்கும் கேட்டதில்லை. கேட்கவிடாமல் செய்தது நான். நாவலூர் புதுக் கிளையில் நீ முன்னால் நின்று ஆராதனை நடத்தப்போகிறாய், அதற்காக வேலையை விடப்போகிறாய் என்பதால் இதைத் திங்கட்கிழமைக்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அங்கே சவுண்ட் மிக்ஸரில் நான் இருக்கமாட்டேன்.

எப்படி என்று நீ கேட்பாய். ஆறு வருஷம் மைக் பிடித்தும் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள்கூட நீ வந்து பார்த்ததில்லை. மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசை இருக்கிறது. உன்னுடையது ஏழாவது. அங்கே வருகிற சத்தத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று ஹாலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு, இன்னொன்று பாடுகிறவன் காதில் மாட்டியிருக்கும் குட்டி இயர்போனுக்கு. ஒன்றைத் திறந்து ஒன்றை மூடலாம். உன் காதுக்குப் போகிற வழியை நன்றாகத் திறந்து வைத்தேன். அதில் கொஞ்சம் எக்கோவும் சேர்த்தேன், குளியலறையில் பாடினால் எவனுக்கும் குரல் இனிக்குமே, அந்த மாதிரி. ஹாலுக்குப் போகிற வழியைப் பூஜ்யத்தில் வைத்தேன். மேடையில் நாலு பேர் பாடுகிற இடத்தில் மூன்று பேர் குரல் கேட்டால் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்? யூடியூபில் உன் குரல் தெரியவில்லை என்று ஒரு முறை வருத்தப்பட்டாய். பின்பாட்டுக் குரல்களை ரெக்கார்டிங்கில் குறைப்பதுதான் வழக்கம் என்றேன். நம்பினாய். ப்ராக்டிஸிலும் நான்தான் மிக்ஸரில் இருந்தேன். முன்னால் நின்று பாடுகிறவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஒயர் சுற்றும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

இதற்கு முந்தைய கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ உன் நன்மைக்குச் செய்தேன் என்று நீயே எனக்குச் சாக்கு கண்டுபிடித்துத் தருவாய். குரோம்பேட்டையில் காலேஜ் படிக்கும்போது ஒன்பது பேப்பர் அரியர் வைத்தாயே, அந்த வருஷம் நினைவிருக்கிறதா? மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாய். அம்மா தட்டில் சாதம் போட்டு அறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நான் அந்த வாசலில் நின்று, “உன்னைப் பெத்ததுக்கு ரெண்டு ஸ்பீக்கர் வாங்கியிருக்கலாம், உள்ள விட்டதையாவது வெளிய தரும்” என்றேன். கடையில் வேலை பார்த்தவர்களிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னை எழுப்பியது நான் இல்லை, அம்மாவும் இல்லை. உன் கூடப் படித்த ஒருவன் போனில் அனுப்பிய நாலு பாட்டு. நாள் முழுக்க அதைக் காதில் மாட்டிக்கொண்டு கிடந்தாய். ஒரு நாள் எழுந்து குளித்தாய். ஒரு நாள் சவரம் செய்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயாகவே எங்களுக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாய்.

அந்தப் பாட்டுகளை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். எனக்கு அவை தொழில். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனையோ சபைகளுக்கு சவுண்ட் போட்டவன் நான். கீபோர்டில் மூன்று கார்டு, நாலு வரி, அதையே நாற்பது தடவை. ‘கர்த்தர்’ ஒரு தடவை வந்தால் ‘நான்’ ஆறு தடவை வரும். பாஸ்டர் குரலைத் தாழ்த்தும்போது கீபோர்டை அடியில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவர் கையைத் தூக்கும்போது டிரம்ஸைத் திறக்க வேண்டும். கண்ணீர் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வரவைக்கிற பட்டன் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. இதை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்காட்டி உன்னைச் சீண்டுவேன். நீ கோபப்பட்டதே இல்லை. “இருக்கட்டும்ப்பா, கீழ விழுந்து கெடந்தப்ப எனக்கு வேற எதுவும் கேக்கல, இதுதான் கேட்டுச்சு” என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் கேலி செய்ய முடியாமல் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் உன்னைப் பாடகர் குழுவில் சேர்த்தார்கள். முதல் ஞாயிறு. ஹால் நிறைந்திருந்தது. சேலையூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறாரே ஒருவர், என் ஆர்டர் ஒன்றிரண்டைத் தட்டிக்கொண்டு போனவர், அவர் அன்று தன் மச்சான் குடும்பத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் எல்லோரும் ஒரு பக்கம் போனார்கள், நீ ஒரு பக்கம் போனாய். ஸ்ருதி அரைப்படி இறங்கியே நின்றது, நீ கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சோடு பாடினாய். முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து உதட்டைக் கடித்தார்கள். இந்த ஆள் என் காதருகே குனிந்து, “இன்னாண்ணே, புள்ள ஸ்ருதி எங்கியோ மேஞ்சிகினு கீது?” என்றார். என் கை தானாக ஏழாவது வரிசைக்குப் போனது. கீழே இறக்கிவிட்டேன். உன் மானத்தைக் காப்பாற்ற இல்லை. என் மானத்துக்கு. சவுண்ட்காரன் பிள்ளை இப்படிப் பாடுகிறானே என்று தாம்பரத்தில் நாலு பேர் பேசுவார்களே என்று. ஆராதனை முடிந்து நீ வேர்த்துப்போய் ஓடி வந்து, “எப்படிப்பா இருந்துச்சு?” என்றாய். “நல்லா கேட்டுச்சு” என்றேன். பாஸ்டரின் மனைவி வந்து இன்றைக்கு ஆராதனையில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கியது என்றார்கள். அடுத்த வாரமும் இறக்கியே வைத்தேன். ஒரு வாரம் செய்வதுதான் கஷ்டம், அப்புறம் அது வேலையில் சேர்ந்துவிடுகிறது.

உன் அம்மாவுக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது தவறு. அவளுக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில், “ஏங்க, நாலு பேர்ல மூணு பேர் சத்தம் தனித்தனியா கேக்குது. நம்ம புள்ளது மட்டும் ஏன் கேக்கல?” என்றாள். நீ உட்கார்ந்த இடம் சரியில்லை, அங்கே ஃபேன் சத்தம் அடிக்கும் என்றேன். அடுத்த வாரம் இடது பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த வாரம் வலது பக்கம். தூணுக்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில், பிள்ளைகளோடு பாயில் என்று மாறி மாறி உட்கார்ந்தாள். பெண்கள் பகுதியில் அவள் உட்காராத நாற்காலி இல்லை. மற்றவர்கள் அவளுக்குக் கால்வலி, காற்று வேண்டும் என்று நினைத்து இடம்விட்டுக் கொடுத்தார்கள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பாடத் தொடங்கியதும் அவள் தலையைச் சாய்த்து, ஒரு காதை மேடைப் பக்கம் திருப்பி, அப்படியே உறைந்து உட்கார்ந்திருப்பாள். பாட்டு முடிந்ததும் தலை நேராகும். ஆறு வருஷம், வாராவாரம்.

ஒரு கட்டத்தில் அவளே முடிவு பண்ணிக்கொண்டாள், தன் காதுதான் போய்விட்டது என்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தூக்கினாள். வயதுக்கு ஏற்ற காதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்து அவள், “அப்ப ஏன் வூட்ல அவன் பாடுனா கேக்குது, சபையில கேக்கல?” என்றாள். அப்போது நான் சொன்னதை நீ வரிவரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கிற சக்திதான் வயதானால் முதலில் போகும், மெஷினில் அது தெரியாது என்றேன். அது பொய்கூட இல்லை, தொழிலில் கற்றுக்கொண்ட உண்மை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவளே கேட்டாள் என்று காது மெஷினும் வாங்கிக்கொடுத்தேன். மாட்டிக்கொண்டு போன முதல் ஞாயிறே, பாஸ்டர் அமைதியாக ஜெபம் பண்ணும்போது அது ‘கீ’ என்று விசில் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல காதில் மெஷினை மாட்டவைத்தவன் நான். மேடையில் நின்ற நீ அதைப் பார்த்தாய், வீட்டுக்கு வந்து, “பாவம் அம்மா” என்றாய்.

அரை நிமிஷம் என்று சொன்னேனே, அது அதற்குப் பிறகு வந்த ஈஸ்டர். எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை, ஏழாவது வரிசையை ஏற்றினேன். நீ பாடினாய், அவள் கேட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள், உங்களுக்கும் கேட்கிறதா என்பதுபோல. அந்த நேரம் பார்த்து நீ மேல் ஸ்தாயியில் வழுக்கினாய். பாஸ்டரின் தலை உன் பக்கம் திரும்பியது. இறக்கிவிட்டேன். அவள் நின்றுகொண்டே இருக்கும்போது இறக்கினேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, “இன்னிக்குக் கேட்டுச்சுங்க. கொஞ்ச நேரம் தெறந்தாரு. அப்புறம் மூடிட்டாரு” என்றாள். யார் என்று கேட்டேன். “கர்த்தர்தான், வேற யாரு” என்றாள்.

நான் ஏன் அன்றே சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், நீ ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், அதோடு போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து பள்ளிக்கரணையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். காமாட்சி ஆஸ்பத்திரி பக்கம் என்று எழுத வந்தேன், இடம் எதற்கு, ஏதோ ஒரு சிக்னல். பின்னாலிருந்து அவள் பேசினாள். நீ வயிற்றில் இருந்தபோது அவளுக்கு தாம்பரம் சானடோரியம் பகுதியில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை வருகிற நேரம். நான் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆம்ப்ளிஃபயரோடு தொழில் தொடங்கியிருந்தேன். என்னிடம் சொல்லாமல் அவள் ஒரு கிளினிக் வரைக்கும் போயிருக்கிறாள். படியேறி, டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, பிறகு எழுந்து வந்துவிட்டாள். “அன்னிக்கு இந்தப் புள்ள சத்தமே எனக்கு வேணாம்னு நெனச்சேங்க. முப்பது வருசம் கழிச்சு அதத்தான் திருப்பிக் குடுக்கறாரு. ஊருக்கே கேக்குது, எனக்கு மட்டும் கேக்கல.” ஸ்கூட்டர் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை. தீர்ப்பை ஒத்துக்கொண்டவள் மாதிரி இருந்தாள். சிக்னல் இன்னும் விழவில்லை, எனக்குப் போதுமான நேரம் இருந்தது. “கண்டதையும் யோசிச்சு மண்டையக் கொழப்பிக்காத” என்று சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் கிளப்பினேன்.

இதை உன்னிடம் சொல்வது கொடுமை என்று தெரியும். பெற்றவள் உன்னைக் கலைக்கப் போனாள் என்று அவள் செத்த பிறகு அப்பன் கடிதம் எழுதுகிறான். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், சரி, அம்மா ஆறு வருஷம் பாட்டு கேட்கவில்லை, அதனாலென்ன என்று நீ தேறிவிடுவாய். நான் எடுத்தது பாட்டை இல்லை. அவளுக்கு ஒரு கடவுள் இருந்தார், மன்னிக்கிறவர் என்று நம்பியிருந்தாள். அவரை எடுத்துவிட்டு, கணக்குத் தீர்க்கிற ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைத்தேன். வெறும் விரலால்.

அவள் கிட்னி போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ தினமும் ஆபீஸ் முடிந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்து பாடுவாய். மைக் இல்லை, எக்கோ இல்லை. நர்ஸ் திட்டுவாள் என்று வாய்க்குள்ளேயே முனகுவாய். பாட்டு அதே மட்டமான பாட்டுதான், ஸ்ருதியும் அதே இறக்கத்தில்தான் இருந்தது. ஆனால் போர்வைக்கு மேலே அவள் விரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன். எந்த மருந்துக்கும் அடங்காத மூச்சு கொஞ்சம் சமமானது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் வீட்டு அம்மா ஒரு நாள், “தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமா பாடுப்பா, எனக்கும் கேக்கட்டும்” என்றார்கள். எத்தனையோ வருஷம் பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கிச் சுமந்தும் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. உன் பாட்டில் விசுவாசம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட ஒரே இடம் எனக்கு அதுதான். அதை அன்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

நீ இல்லாத நேரம் பார்த்து அவள் என்னைக் கூப்பிட்டாள். “சபையில நீ பாடுனது எனக்கு ஒவ்வொரு வாரமும் கேட்டுச்சு, அதுலதான் தெம்பா இருந்தேன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. கேக்கலன்னு தெரிஞ்சா புள்ள மனசு ஒடஞ்சிடும்” என்றாள். அடக்கத்துக்கு மறுநாள் அதை உன்னிடம் அப்படியே சொன்னேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். நினைவு ஆராதனையில் அதையே சாட்சியாகச் சொன்னாய்: காது கேட்காத என் அம்மாவுக்கு என் பாட்டு மட்டும் கேட்டது, அதில்தான் அவர்கள் கடைசிவரை நின்றார்கள் என்று. பாடச் சொன்னார்கள், நீ பாடாமல் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாய். அந்த வீடியோ எத்தனை போன்களில் சுற்றியது. அதைப் பார்த்துத்தான் பாஸ்டர் உன்னை நாவலூர் கிளைக்கு அழைத்தார். உன் குரலைக் கேட்டு இல்லை, அந்த மனிதர் உன் குரலைத் தனியாகக் கேட்டதே இல்லை. ஆக, நீ வேலையை விடுவது ஒரு பொய்யை நம்பி. நான் செய்ததை மறைக்க நான் சொன்ன பொய், அதை நம்பிய அவள் உனக்காகச் சொன்ன பொய், அதை நம்பிய நீ மேடையில் சொன்ன சாட்சி. நாம் மூன்று பேரில் ஒருத்தராவது உண்மை பேசியிருக்கலாம்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொன்னால் நீ கேட்பாய், அதனால்தான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நீ பாடகன் இல்லை. ஒரு நல்ல வாத்தியாரிடம் இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்தால் ஸ்ருதி ஓரளவு பிடிபடும், அபிஷேகம் அந்த வேலையைச் செய்யாது. கட்டிலோரம் உட்கார்ந்து பாட உனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, வேலையையும் விட வேண்டியதில்லை. அதற்கு மேல் உன் கர்த்தர் உன்னை அழைக்கிறார் என்றால் அது உனக்கும் அவருக்கும் உள்ளது, நடுவில் நான் இனிமேல் கை வைக்கமாட்டேன். இந்த ஞாயிறு மிக்ஸரில் நான் இல்லை. சேலையூர்க்காரரை வரச்சொல்லியிருக்கிறேன், அன்று என் பக்கத்தில் நின்று கேலி செய்த அதே ஆள்தான். ஏழாம் நம்பர் மைக்கை மற்ற மூன்றோடு சமமாக வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சரி என்றார். காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பாடு, ஹாலில் நீ எப்படி இருக்கிறாய் என்று முதல் தடவையாகக் கேள். யார் உதட்டைக் கடிக்கிறார்கள் என்றும் பார். அதற்கு அப்புறம் திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணு. அல்லது ஞாயிறு மேடைக்கே போகாதே, அதுவும் உன் இஷ்டம்.

மன்னிப்பு என்று ஆரம்பிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். மேடையில் மட்டும் வேண்டாம். கீபோர்டு அடியில் மெதுவாக வாசிக்க, நீ அழுதுகொண்டே அப்பாவை மன்னிக்கிறேன் என்று சொன்னால் நான் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எந்த இடத்தில் சத்தத்தை ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். மன்னிக்க முடியவில்லை என்றால் வீட்டில் சொல், அதுவே போதும். கொஞ்ச நாள் வேறு இடத்தில் தங்கிக்கொள்கிறேன் என்றாலும் சரிதான்.

உன்னிடம் சொல்லாத கடைசி விஷயம் ஒன்று இருக்கிறது. மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஹாலில் மூடிவைத்த ஒரு மைக்கைக்கூடத் தனக்கு மட்டும் தனியாகத் திறந்து கேட்கலாம். ஆறு வருஷமும் நான் அப்படித்தான் உன்னைக் கேட்டேன். பாதி வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், பாதி வாரம் ஏனென்று தெரியாமல் கண் கலங்கிக் கேட்டேன். அந்த ஹாலில் வாராவாரம் உன் குரல் கேட்ட ஒரே ஆள் நான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாலு மாதம் உன் அம்மா கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள், என் டேபிளை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிக்கு. இனி உட்கார்ந்து பார்க்க வேறு இடம் மிச்சமில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடி இருக்கும். ஒரு ஞாயிறு நீ பாடிக்கொண்டிருக்கும்போது அவள் என் முழங்கையைத் தொட்டு, “உங்களுக்காவது கேக்குதா?” என்று கேட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்கிறது என்று தலையாட்டினேன். “எப்படிப் பாடறான்?” என்றாள். நன்றாகப் பாடுகிறான் என்றேன்.

அப்பா